சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

தருமபுரியில் பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறவருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான். புரோக்கர் சொல்வார், துணைக்கு வரும் மச்சான் சொல்வார், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்காமலே சொல்வார்: "இஞ்சின் நல்லா இருக்குதான்னு மட்டும் பாருங்கண்ணா. டீசல் வண்டி. எதைக் கட்டினாலும் இழுத்துரும்." பானெட்டைத் திறப்பார்கள். ஆயில் மூடியைக் கழற்றிப் புகை அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆக்சிலேட்டரை இரண்டு முறை அழுத்தி உறுமவிடுவார்கள். பைபாஸில் ஒரு ஓட்டம், லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று ஒரு கேள்வி, அத்துடன் முன்பணம் கைமாறிவிடும்.

குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர மட்டும் வண்டி வாங்குகிறவருக்கே இது அரைகுறைச் சோதனை. வண்டிக்குப் பின்னால் இன்னொன்றைக் கட்டி இழுக்கப் போகிறவருக்கோ இது உயிரைப் பணயம் வைக்கும் சோதனை. நம் மாவட்டத்தில் அப்படி இழுப்பவர்கள் குறைவில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜெனரேட்டரை இழுத்துப் போகிறவர்கள், காங்கிரீட் கலவை மெஷினைக் கட்டி இழுக்கும் கட்டட மேஸ்திரிகள், சக்கரம் வைத்த சாப்பாட்டுக் கடைப் பெட்டியை நெடுஞ்சாலையோரம் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள். ஐரோப்பாவில் காருக்குப் பின்னால் கேரவன் என்னும் சக்கர வீட்டைக் கட்டிக்கொண்டு குடும்பமே விடுமுறைக்குக் கிளம்பும். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஒகேனக்கலுக்கு அப்படி ஒரு பெட்டியை இழுத்துப் போகலாமா என்று என்னிடம் கேட்ட இளைஞர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஊர் சொல்லும் பதில் அதே பதில்தான்: டீசல் வண்டி, இழுத்துரும்.

இந்தப் பதில் தவறு என்பதே என் வாதம். இழுக்கும் சக்தியை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது தலைகீழான முறை. பின்னால் ஒரு பாரத்தைக் கட்டப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை. அடுத்து அந்தப் பாரத்தைத் தாங்கும் சட்டத்தை. பிறகு கிளட்சையும் ரேடியேட்டரையும். இஞ்சினின் குதிரைத் திறன் இந்த வரிசையில் கடைசியில் வந்தால் போதும்.

எதிர்த்தரப்பில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். டீசல் இஞ்சின் குறைந்த சுற்றிலேயே நல்ல முறுக்குவிசை தரும். 2005-இல் வந்த முதல் இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல், 1400 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டர் தந்தது. பெட்ரோல் வண்டி திணறும் ஏற்றத்தில் அது பாட்டுக்கு ஏறும். இதை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் ஏறிய வண்டி இறங்கியாக வேண்டும். ஏற்றத்தில் சக்தி போதாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு இன்னொரு வண்டியைக் கூப்பிடலாம். இறக்கத்தில் பிடி போதாவிட்டால் யாரையும் கூப்பிட நேரம் இருக்காது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் ஜெனரேட்டரை வாடகைக்கு விடும் தொழிலில் இருந்தேன். ஊர் சொன்னபடியே இஞ்சினை மட்டும் பார்த்து ஒரு பழைய டீசல் வண்டியை வாங்கினேன். "இஞ்சினு கல்லு மாதிரி இருக்குதுங்ணா" என்றார் விற்றவர். அது பொய்யில்லை, கல் மாதிரிதான் இருந்தது. மேச்சேரிப் பக்கம் ஒரு திருவிழாவுக்கு ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு இரவில் கிளம்பினேன். நல்லம்பள்ளி தாண்டி, பாளையம் டோல்கேட் தாண்டி, தொப்பூர் இறக்கத்தில் இறங்கினேன். மூன்றாவது கியரில், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் ஓட்டினேன். பாதி இறக்கத்தில் கருகல் நாற்றம் வந்தது. முன்னால் போகும் லாரியுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின்னாலிருந்து ஜெனரேட்டர் தள்ளுவது முதுகில் தெரிந்தது. பல்சக்கரம் அலற அலற இரண்டாவது கியருக்கு இறக்கி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடது ஓரத்தில் ஒரு மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினேன். கால் நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது.

மறுநாள் மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் கழற்றினார். லைனிங் கண்ணாடி போலப் பளபளத்துக் கிடந்தது. பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. அவர் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: "அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி இஞ்சினை எத்தனை தடவை பாத்தீங்க? இதை ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

தொப்பூர் கணவாயைப் பற்றித் தருமபுரிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, பீடபூமியின் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் இடம் அது. கட்டமேடும் இரட்டைப் பாலமும் செய்தித்தாள் வாசிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்களாகிவிட்டன. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றி வந்த லாரி, அங்கே நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று பாலத்தில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்ததில் மறுபடியும் நான்கு பேர். அந்தச் சாலையில் அதிகம் காதில் விழும் புலம்பல் "வண்டி நிற்கல" என்பதுதான். "வண்டி இழுக்கல" என்று சொல்லி அங்கே யாரும் செத்ததில்லை.

"அதெல்லாம் முப்பது டன் லாரி. நம்முது கார். அந்தக் கணக்கு இதுக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. லாரியின் பிரேக் லாரியின் முழுப் பாரத்துக்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. லாரிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. பெரிய டிரெய்லர் லாரி என்றால் பின்பெட்டியின் சக்கரங்களுக்கும் காற்று பிரேக் உண்டு. நம் காரின் பிரேக்கோ காரையும் அதில் ஏறும் ஆட்களையும் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதன் கொக்கியில் நாம் மாட்டும் ஜெனரேட்டரையோ பெட்டியையோ அதைச் செய்தவர் கணக்கில் எடுக்கவில்லை. நம் ஊர்ப் பட்டறையில் செய்த டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த பிரேக்கே கிடையாது. அதாவது விகிதப்படி பார்த்தால் லாரிக்காரரைவிட நாம்தான் அதிகமாகத் துணிகிறோம்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். இரண்டு டன் எடையுள்ள வண்டி, ஒரு டன் டிரெய்லர், மொத்தம் மூன்று டன். இது 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளியேறும் ஆற்றல் ஏறக்குறைய 29 லட்சம் ஜூல். இந்த எண் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. சமையலறைக் கணக்காகச் சொல்கிறேன்: குடத்திலிருந்து எடுத்த பத்து லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதி நிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூடு அது. கியரில் பிடிக்காமல், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அந்தச் சூட்டில் பெரும்பங்கு நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்புக்குள்தான் போக வேண்டும். தண்ணீராவது 100 டிகிரியில் நின்றுவிடும். இரும்பு நிற்காது. டிரம் சூடேறி விரியும், லைனிங் வழுக்கும். சூடு சிலிண்டருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கு இறங்கும்.

அந்த ஆயில்தான் யாரும் பார்க்காத இடம். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதிக்கப்பட்ட வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். பெடல் பஞ்சாவது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய அந்த ஆயிலை, கைமாறிக் கைமாறி வந்த ஒரு வண்டியில் கடைசியாக யார், எப்போது மாற்றினார்கள்? வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

"நான் மெதுவாத்தான் இறங்குவேன்" என்பது அடுத்த சமாதானம். மெதுவாக இறங்குவது நல்லதுதான். ஆனால் அது செய்யும் நன்மை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். 60-இல் இறங்கினாலும் 30-இல் இறங்கினாலும் இறங்கும் உயரம் ஒன்றே, அதனால் கரைக்க வேண்டிய சூடும் அநேகமாக அதே அளவுதான். மெதுவாகப் போனால் சூடு வெளியேற நேரம் கிடைக்கும். திடீரென நிறுத்த வேண்டி வந்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த வேகத்தைக் கியரால் பிடிக்காமல் காலால் மட்டுமே பிடித்தால், இறக்கம் முழுக்க லைனிங் தேய்ந்துகொண்டே வரும். ஆக, மெதுவாகப் போகிறேன் என்பது பதில் ஆகாது. எந்தக் கியரில் மெதுவாகப் போகிறேன் என்பதுதான் பதில்.

இங்கேதான் ஊரில் வேரோடிப்போன இன்னொரு நம்பிக்கை வருகிறது: டீசலில் கம்ப்ரஷன் அதிகம், அதனால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கேட்க நியாயமாக இருக்கும். நடப்பது வேறு. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று போகும் வழியில் ஒரு கதவு மூடிக்கொள்ளும். மூடிய கதவுக்கு எதிராகக் காற்றை உறிஞ்சப் பாடுபடுவதால் இஞ்சின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். வழக்கமான டீசல் இஞ்சினில் அப்படிப்பட்ட கதவு இல்லை. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். கொடுத்ததில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் டீசல் லாரிகளுக்குப் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாகப் பொருத்துகிறார்கள். அதிக கம்ப்ரஷனே போதுமென்றால் அந்தச் செலவு எதற்கு? ஏற்றத்தில் நாம் புகழும் அதே டீசல், இறக்கத்தில் நாம் நினைக்கும் அளவுக்குத் துணை வராது. அந்தக் குறையை ஈடுகட்ட ஒரே வழி தாழ்ந்த கியர். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதைத் தெரிந்துதான்.

இந்தப் பேச்சில் நியூட்ரலைச் சொல்லாமல் விட முடியாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால், உருளும் சக்கரமே இஞ்சினைச் சுற்றும். சுற்று ஐடிலிங்குக்கு மேல் இருக்கும்வரை இன்றைய காமன் ரெயில் இஞ்சின் இன்ஜெக்டருக்கு டீசல் அனுப்புவதை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்தே ஆக வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறார்கள், கூடவே உயிரையும் வைத்து ஆடுகிறார்கள். சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் மோசம். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை ஒரு தனி பம்ப் உண்டாக்குகிறது. பல பழைய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். இஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் அப்படித்தான்.

இப்போது, ஊர் மெச்சும் அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மீட்டரில் குறைந்த கிலோமீட்டர். மீட்டரைத் திருப்புவது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. உண்மையான எண்ணாகவே இருந்தாலும், இழுவை வண்டிக்கு அது பாதிக் கதையைத்தான் சொல்லும். சமவெளியில் ஒரே சீராக ஓடிய ஒன்றரை லட்சம் கிலோமீட்டர், பாரம் கட்டி மலையேறி இறங்கிய ஐம்பதாயிரத்தைவிட வண்டியைக் குறைவாகவே தேய்த்திருக்கும். கிளட்ச் பிளேட்டும் டிரம்மும் சொல்வதைக் கேட்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் பெரிய வண்டி. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்ததையும் தொடர்ந்து, அங்கிருந்து பெரிய டீசல் வண்டிகள் குறைந்த விலைக்குப் பிற மாநிலங்களுக்கு வரத் தொடங்கின. "இந்த விலைக்கு இந்த இஞ்சினா!" என்று வாய் பிளக்கிறோம். என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய வரி, எஃப்.சி. எல்லாம் சேர்த்தபின் அது எவ்வளவு மலிவு என்று கணக்குப் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். வட இந்தியச் சமவெளியிலேயே ஓடிய வண்டி அது. அதன் பிரேக் எந்தக் கணவாயையும் பார்த்திருக்காது. முதல் பரீட்சை தொப்பூரிலா இருக்க வேண்டும்?

மைலேஜ். சின்ன டர்போ டீசல் கார்கள் மைலேஜுக்குப் பெயர்பெற்றவை. ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் டீசல் எத்தனை நிறுவனங்களின் கார்களில் ஓடியது! தனியாக ஓட்ட அருமையான இஞ்சின். ஆனால் சுற்று 2000-ஐ நெருங்கும்வரை டர்போ விழிக்காது. பாரத்தோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது அந்த இடைவெளியைக் கிளட்சைத் தேய்த்துத்தான் நிரப்ப வேண்டும். அதைவிட முக்கியம், அப்படிப்பட்ட கார்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். பட்டறையில் பம்பர் தாங்கியோடு பற்றவைத்த கொக்கி, தகட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மேலும் அவை முன்சக்கர இழுவை. டிரெய்லரின் மூக்கு கொக்கியை அமுக்கும்போது காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் லேசாகும். இழுக்க வேண்டிய சக்கரத்துக்கே பிடி குறையும். பொலேரோ, சுமோ, டவேரா, பழைய இன்னோவா போன்றவற்றில் ஏணிச் சட்டம் இருக்கிறது. சாதாரணமாக இழுப்பது பின்சக்கரம். காகிதத்தில் குதிரைத் திறன் குறைவாகத் தெரியும் ஒரு பழைய சட்ட வண்டி, மினுமினுக்கும் காரைவிடக் கொக்கிக்கு ஏற்றது. டவேரா, சுமோ போல உற்பத்தி நின்றுபோனவை என்றால் பிரேக் உதிரிபாகம் தருமபுரியிலேயே கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இஞ்சினைப் பற்றி நான் கவலைப்படும் ஒரு இடம் உண்டென்றால் அது ரேடியேட்டர். நம் மாவட்டத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே சாட்சி. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் காவிரித் தண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு, கூலண்டுக்குப் பதில் ரேடியேட்டரில் ஊற்றப்பட்டால் குழாய்களில் படிந்து அடைக்கும். காலியாக ஓடும்போது தெரியாது. பாரத்தோடு பாலக்கோட்டு வெயிலில் ஏற்றம் ஏறும்போது முள் சிவப்பைத் தொடும். மூடியைத் திறந்து வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டுமே திறக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் பணம். "ஜெனரேட்டர் வாடகையில் பிழைக்கிறவன்கிட்டப் போய் பிரேக், சட்டம், கூலண்டுன்னு அடுக்கினா அவன் எங்கே போவான்? இருக்கற காசுக்குக் கிடைக்கற வண்டியைத்தானே வாங்க முடியும்?" இதைக் கேட்பவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த நெருக்கடியில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் நான் அதிகம் செலவு செய்யச் சொல்லவில்லை. அதே காசை வேறு வரிசையில் செலவு செய்யச் சொல்கிறேன். கையில் இருப்பது முழுவதையும் பெரிய இஞ்சினுக்குக் கொட்டிவிட்டு பிரேக்கைக் கடவுளிடம் விடுகிறோம். ஒரு படி சிறிய, ஒரு படி பழைய வண்டியை வாங்கி, மிச்சத்தில் நான்கு சக்கரத்துக்கும் லைனிங், வீல் சிலிண்டர் கிட், புது ஆயில், தேவைப்பட்டால் மாஸ்டர் சிலிண்டர் என்று செய்துகொள்ளலாம். ஒரு இஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க ஆகும் செலவில் இது சிறு பங்குதான். ஏழைக்கு விபத்து மலிவாக வருவதில்லை. வண்டி போனால் தொழில் போகும், வண்டிக்கடன் மட்டும் மிச்சமிருக்கும்.

அந்த மிச்சத்தில் ஒரு பகுதி டிரெய்லருக்கும் போக வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னே நெருக்கும் அல்லவா, அந்த நெருக்குதலையே பயன்படுத்தி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் எளிய கம்பி ஏற்பாடு அது. பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது; இழுக்கும் வண்டியின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. புதிதாகக் கேரவன் இழுக்கிறவருக்கு அங்கே சொல்லும் அறிவுரை, பிரேக் உள்ள கேரவனாகவே இருந்தாலும் காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் வைத்துக்கொள் என்பது. சாலை நல்ல நாடுகளே இவ்வளவு தயங்குகின்றன. கணவாய்க்கு மேல் வாழும் நாம் எந்தத் தைரியத்தில் கணக்கே இல்லாமல் கட்டுகிறோம்? பாரத்தை அடுக்கும் முறையும் அதே அளவு முக்கியம். கனமான பொருள் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்து, டிரெய்லர் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். இறக்கத்தில் வாலாட்டம் ஆரம்பித்தால் அடக்குவது கடினம். கொக்கி விட்டுப்போனால் பிடிக்க ஒரு பாதுகாப்புச் சங்கிலியும், சட்டப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. விபத்துக்குப் பின் அதைத் தெரிந்துகொள்வதால் பயனில்லை.

இன்னொரு சமாதானமும் இப்போது கேட்கிறது: தொப்பூரில் உயர்மட்டச் சாலை வரப்போகிறது, வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அந்தச் சாலை வரட்டும், சீக்கிரம் வரட்டும். அதை மனமாரக் கேட்கிறேன். ஆனால் பாலம் கட்டினாலும் மேலிருந்து கீழே இறங்கும் உயரம் மறைந்துவிடாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் சாலையும், வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளும், சித்தேரி மலைப்பாதையும் அப்படியேதான் இருக்கும். சாலையைத் திருத்துவது அரசின் கடமை. பிரேக்கைப் பார்ப்பது நம் கடமை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடமும் இல்லை. தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று இருக்கிறது. உப்பு வணிகர்கள் வண்டி நிறையப் பாரம் ஏற்றிக் கிளம்புகிறார்கள். போகும் வழியில் பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ, யாருக்குத் தெரியும் என்று வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த மாற்று அச்சைப் போன்றவன் அந்த இளவரசன் என்கிறார் ஔவையார். மாடு எவ்வளவு இழுக்கும் என்ற பெருமையில் அந்த உமணர்கள் கிளம்பவில்லை. வழியில் எது உடைந்தால் உயிரும் சரக்கும் போகும் என்று யோசித்துக் கிளம்பினார்கள். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

ஆகவே அடுத்த முறை வண்டி பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறப்பதற்கு முன், நான்கு சக்கரத்தையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிரம்மில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ விரிசலோ இருக்கிறதா, லைனிங் பளபளக்கிறதா, வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும். இஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்த கால் மிதித்தபடியே இருக்க இஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையோ வெற்றிட பம்பையோ பார்க்க வேண்டும். இஞ்சின் ஓடும்போது ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல உள்ளே நழுவினால் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கலாம். சரிவில் கை பிரேக்கில் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் அழுத்தும்போது சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இவ்வளவும் பார்த்தபின், ஒன்றும் கட்டாமல் ஒரு சிறு இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறக்கிப் பாருங்கள். பிறகு இஞ்சினைப் பாருங்கள்.

"சக்கரமெல்லாம் கழட்ட முடியாதுங்க, இஞ்சினைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்குது" என்று விற்பவர் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு தொப்பூரில் இறங்கிப் பார்த்தவன் சொல்கிறேன்.